கிரேக்கக் கடையில் முதலில் ரொட்டியைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இது: பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஆறு மேசையும் நீல வெள்ளைச் சுவருமாக ஒரு சிறிய கிரேக்கக் கடை வந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை அப்பாவையும் தங்கையையும் அழைத்துப்போக நினைக்கிறீர்கள். அப்பா முட்டைகூடத் தொடாத சைவம். தங்கை ஷவர்மாவில் ஊறியவள். சிக்கன் ‘கைரோஸ்’ ஒன்று 320 ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். தெருமுனை ஷவர்மாவைப்போல் மூன்று மடங்கு. போகலாமா, போனால் என்ன வாங்குவது, இரண்டும் ஒன்றுதானா?

போகலாம். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒரே குடும்பம்: கம்பியில் சுழன்று வேகும் கறியைச் சீவி ரொட்டியில் சுற்றித் தருவது. என்ன வாங்குவது என்பதைக் கடைக்குள் நுழைந்து இரண்டு நிமிடம் நின்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். எல்லோருடைய கண்ணும் கம்பியில் சுற்றும் இறைச்சி மேல்தான் போகும். நீங்கள் ரொட்டியைப் பாருங்கள். பிறகு தயிரைப் பாருங்கள். அவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் இறைச்சி சுமாராக இருந்தாலும் சாப்பாடு தேறிவிடும். அவை சொதசொதவென்று இருந்தால், மேலே எதைக் கொட்டினாலும் பயன் இல்லை.

இதைச் சொல்ல நான் சமையல்காரன் அல்ல; கப்பல் இன்ஜினியர். ராயபுரத்தில் பிறந்து, கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் 11 ஆண்டுகள் எந்திர அறையில் கழித்தவன். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குப் பக்கத்தில் பெராமா என்று ஓர் இடம். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அங்கே கப்பலைக் கட்டி நிறுத்தினால் வாரக்கணக்கில் நிற்போம். இரவு உணவுக்குப் பட்டறை ஆட்களோடு தெருக்கடைக்குப் போவோம். விடுப்பு கிடைத்தால் பிரேயஸில் பச்சைத் தடத்து ரயிலில் ஏறி, ஏதென்ஸின் நடுவே உள்ள மொனாஸ்திராக்கியில் இறங்குவோம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே கரியும் கொழுப்பும் மணக்கும். அங்கே பழகிய நாக்கை வைத்துக்கொண்டு, ஊர் திரும்பிய பிறகு நுங்கம்பாக்கம், அண்ணா நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று கிரேக்கப் பெயர் தொங்கிய கடைகளில் எல்லாம் நுழைந்து பார்த்திருக்கிறேன். பாதி இடங்களில் ஏமாந்தும் இருக்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். பலகையில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கைரோஸ்’ என்று படிக்கிறோம். கிரேக்கர் வாயில் அது ‘யீரோஸ்’. கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மை விகுதி அல்ல. ஒன்றே ஒன்று இருந்தாலும் யீரோஸ்தான். ‘ஒரு யீரோ கொடுங்கள்’ என்று கேட்கும்போது அவர்களுடைய வேற்றுமை இலக்கணப்படி அந்த ஸ் உதிர்ந்துவிடும். நானும் இனி யீரோ என்றே எழுதுகிறேன். பொருள், சுற்று. துருக்கியின் ‘தோனர்’ என்பதும் சுழல்வதுதான். ஷவர்மா என்ற சொல்லோ துருக்கியின் ‘செவிர்மே’, அதாவது திருப்புதல், அரபு வாயில் புகுந்து உருமாறியது. மூன்று பெயர், ஒரே பொருள். ஒட்டோமான் பேரரசில் 19ஆம் நூற்றாண்டில் யாரோ படுக்கைவாட்டில் இருந்த கம்பியை நிமிர்த்தி வைத்தார்கள். அதனால் என்ன ஆயிற்று என்றால், கொழுப்பு நெருப்பில் சொட்டி வீணாவதற்குப் பதில் மேலிருந்து கீழாக இறைச்சி மீதே வழிந்து அதை நனைத்துக்கொண்டே இருந்தது. எந்திரக்காரன் கண்ணுக்கு இது அழகான தீர்வு.

கிரேக்கத்துக்கு இது எப்படி வந்தது என்பது சோகக் கதை. 1923இல் லோசான் உடன்படிக்கையை ஒட்டிக் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தில், சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிரேக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். பிரேயஸைச் சுற்றியுள்ள பல குடியிருப்புகள் அப்படி வந்தவர்கள் போட்டவை. அவர்களோடு அவர்களுடைய அடுப்பும் வந்தது. முஸ்லிம் ஊரில் ஆட்டுக்கறியாக இருந்தது கிரேக்கத்தில் பன்றிக்கறியாக மாறியது. இன்றும் அங்கே யீரோ என்றால் முதலில் பன்றி, பிறகு கோழி. ஆட்டையும் மாட்டையும் அரைத்துப் பிசைந்து கூம்பாக அடிக்கும் வகை அமெரிக்காவில், குறிப்பாகச் சிகாகோவில், 1970களில் தொழிற்சாலைப் பண்டமாகப் பெருகியது.

கிரேக்கம் என்றதும் மிளகு வாங்க வந்த யவனர்களை இழுத்து வருவது நமக்குப் பழக்கம். வந்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் இந்தச் சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் வைக்கும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. பழமை வேண்டுமானால் பட்டியலில் அடுத்து இருக்கும் சூவ்லாக்கியில், அதாவது குச்சியில் குத்திச் சுடும் கறியில், தேடுங்கள். சாந்தோரினித் தீவில் 3,500 ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைச் சாம்பல் மூடிய அக்ரோத்திரியில், கம்பியில் குத்திய இறைச்சியைத் தாங்கப் பள்ளம் வைத்த சுடுமண் தாங்கிகள் ஜோடியாகக் கிடைத்தன. நம் ஊர்க் கபாப் கடையில் இருக்கும் இரும்புத் தாங்கியின் மூதாதை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். ஏதென்ஸ்காரர்கள் குச்சியில் குத்தியதைக் ‘கலமாக்கி’, சிறு நாணல், என்கிறார்கள்; சூவ்லாக்கி என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் ரொட்டியில் சுற்றித் தருவது. வடக்கே தெசலோனிகிக்காரர்களோ குச்சியில் இருப்பதுதான் சூவ்லாக்கி என்பார்கள். எங்கள் கப்பலில் இரண்டு ஊர்க்காரர்களும் இருந்தார்கள்; ஆளுக்கு ஒரு முட்கரண்டியோடு இதைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ரொட்டி. கிரேக்கப் பீத்தாவில் பை கிடையாது. அரபு நாட்டுக் குப்பூஸ் அடுப்பில் பூரிபோல உப்பி, நடுவே இரண்டாகப் பிரிந்து, உள்ளே எதையாவது திணிக்க இடம் தரும். கிரேக்கப் பீத்தா அப்படி உப்பாது. கனமாக, மெத்தென்று, நம் ஊத்தப்பத்தின் பருமனில் இருக்கும். மேலே விரல் குத்திய பள்ளங்களும் புள்ளிப் புள்ளியாகக் கருகலும் தெரியும். கோதுமை மாவு, ஈஸ்ட், தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். அதை முக்கால் வேக்காட்டில் எடுத்து வைத்திருந்து, ஆள் வந்து கேட்ட பிறகு எண்ணெய் தடவிக் கல்லிலோ கரியிலோ வாட்டித் தருவார்கள். வெளியே இலேசாக மொறுமொறுப்பு, உள்ளே இழுத்தால் நீளும் மென்மை. சாற்றை உறிஞ்சியும் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கனம்.

சென்னையில் எனக்குக் கிடைத்த ஏமாற்றங்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான். பேக்கரியில் பாக்கெட்டாக வாங்கிய குப்பூஸை மைக்ரோவேவில் சுடவைத்துப் பீத்தா என்று நீட்டுவார்கள். முதல் கடிக்குள் ஆறி, மூன்றாவது கடியில் தோலாகிவிடும். ஒரு கடையில் மெல்லிய ரூமாலி ரொட்டியில் சுற்றித் தந்தார்கள். ‘இது ஷவர்மா ரொட்டி அல்லவா?’ என்றேன். ‘சார், இதுதான் கிரீஸ் ஸ்டைல்’ என்றார் மேசைக்காரப் பையன். நான் மொனாஸ்திராக்கியைப் பற்றி அவனிடம் பேசவில்லை. அவன் கையில் நான்கு தட்டு இருந்தது. அதனால் உள்ளே நுழைந்ததும் கல்லடியில் நிற்பவரைக் கவனியுங்கள். ரொட்டியை எண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் வாட்டுகிறாரா? ரொட்டி உப்பாமல் தட்டையாகக் கிடக்கிறதா? ஆம் என்றால் உட்காருங்கள். கடையிலேயே மாவு பிசைகிறார்கள் என்றால் இன்னும் நல்லது. ஆனால் கிரேக்கத்திலேயே பெரும்பாலான கடைகள் பீத்தாவை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வாட்டுவதில்தான் விஷயம்.

அடுத்தது தயிர், அதாவது ட்ஸாட்ஸிகி. தயிர், வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சை, உப்பு. சில இடங்களில் சதகுப்பை இலை, சில இடங்களில் புதினா. என் மனைவி முதல் முறை சாப்பிட்டுவிட்டு, ‘வெள்ளரிக்காய்ப் பச்சடிதான், தாளிக்க மறந்துவிட்டார்கள்’ என்றாள். தவறில்லை. ஆனால் பச்சடியில் தயிர் தளர்வாக இருக்கலாம், இதில் கூடாது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுவதும் நீர் வடிக்க வேண்டும்; ஒரு லிட்டர் தயிர் பாதியாகச் சுருங்கிவிடும். வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டு வைத்து, கை நோகப் பிழிய வேண்டும். இந்த இரண்டு வடிப்பில் ஒன்றைச் சோம்பலில் விட்டாலும் கிண்ணத்தின் ஓரத்தில் நீர் கோத்துக்கொள்ளும்; அந்த நீர் ரொட்டிக்குள் இறங்கி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

சோதனை எளிது. முதலில் ஒரு சிறு கிண்ணம் ட்ஸாட்ஸிகியும் ஒரு பீத்தாவும் மட்டும் வரவழையுங்கள். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நிற்க வேண்டும். நாக்கில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, பிறகு புளிப்பு, கடைசியாகப் பச்சைப் பூண்டு தொண்டையில் சுருக்கென்று ஏற வேண்டும். இனித்தால் உஷார், அது தயிரே அல்ல, மயோனைஸில் வெள்ளரி கலந்தது. அப்படி இருந்தால் பீத்தாவுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் சுண்டல் சாப்பிடப் போய்விடுங்கள். நான் போயிருக்கிறேன்.

மயோனைஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பச்சை முட்டையில் இருக்கக்கூடும், நம் ஊர் வெயிலில் அவை மளமளவென்று பெருகும் என்பதுதான் காரணம். முறையான யீரோவில் முட்டை எங்கும் வராது. தயிரும் அலட்சியத்துக்குரியது அல்ல. ஆனால் அதன் புளிப்பு ஓரளவு காவல். இறைச்சி விஷயத்தில் மட்டும் ஷவர்மாவுக்கு இருக்கும் ஆபத்து அத்தனையும் இதற்கும் உண்டு. கூம்பின் வெளிப்பக்கம்தான் வெந்திருக்கும், உள்ளே பச்சை. அவசரத்தில் ஆழமாகச் சீவினால் வேகாததும் சேர்ந்து வந்துவிடும். கோழிக்கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸாவது எட்ட வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே உணவு கிடப்பதுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அடுப்பை அணைத்துவிட்டு, கூட்டம் வந்ததும் மறுபடி மூட்டும் கடையில் கோழி வாங்காதீர்கள். சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது மட்டும் எதையும் உறுதி செய்யாது, அதுகூட இல்லாத கடையை நம்ப வேண்டியதில்லை.

சென்னையில் பன்றிக்கறி யீரோ எல்லா இடத்திலும் கிடைக்காது; கோழியே வழக்கம். அது போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஏதென்ஸிலும் பலர் கோழி கேட்கிறார்கள். கேள்வி, கோழியின் எந்தப் பகுதிக் கறி என்பதுதான். தொடைக்கறியும் தோலும் அடுக்கடுக்காகக் குத்தியிருந்தால் சீவும்போது ஓரம் கருகி, நடு ஈரமாக வரும். வெறும் நெஞ்சுக்கறி என்றால் ஒரு மணி நேரத்தில் நார்நாராக உலர்ந்துவிடும். கம்பியில் அடுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பளபளவென்று ஒரே வழவழப்பாகத் தெரிந்தால் அது அரைத்துப் பிசைந்தது.

மசாலா குறைவாகத்தான் இருக்கும். உங்கள் தங்கை முதலில் ‘சப்பென்று இருக்கிறது’ என்பாள். ஷவர்மாவில் வரும் பட்டை, ஏலம், சீரகம், ஊறுகாய்ப் புளிப்பு எதுவும் இதில் இல்லை. உப்பு, மிளகு, கொஞ்சம் காரமில்லாத மிளகாய்த் தூள், எலுமிச்சை, எல்லாவற்றுக்கும் மேலாக ஓரிகானோ. அவர்கள் மொழியில் ‘ரீகனி’. இது நமக்கு அந்நியமான மணமல்ல. குழந்தைக்குச் சளி பிடித்தால் கசக்கும் ஓமவல்லி இலையில் இருக்கும் கார்வக்ரால் என்ற வேதிப்பொருள்தான் ஓரிகானோவின் மணத்துக்கும் முதல் காரணம். பெராமாவில் முதல் நாள் இரவு, பசியோடு காகிதத்தைப் பிரித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தொட்டி. உங்கள் தங்கை மிளகாய் சாஸ் கேட்பதற்கு முன்பு இரண்டு கடி எதுவும் சேர்க்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தெசலோனிகியில் கடுகுச் சாஸும் கெட்சப்பும் ஊற்றித் தின்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், யாரும் அவர்களைக் கைது செய்வதில்லை.

அவளுக்கு ஒரு பீத்தா யீரோ போதும். ‘அப் ஓலா’ என்பது அங்குள்ள மந்திரச் சொல்; எல்லாம் போட்டு என்று பொருள். தக்காளி, வெங்காயம், ட்ஸாட்ஸிகி, கூடவே நான்கைந்து பிரெஞ்ச் ஃப்ரைஸ் ரொட்டிக்குள்ளேயே. ஃப்ரைஸ் உள்ளே வருவது சென்னைக் கடையின் சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயே அப்படித்தான். முட்டைகோஸ் துருவல் வந்தால்தான் சிக்கனம். தட்டில் பரப்பித் தரும் வகையும் பட்டியலில் இருக்கும், விலை இருமடங்கு. முதல் தடவைக்கு வேண்டாம். கையில் பிடித்து, காகிதத்தைக் கீழே கிழித்துக்கொண்டே சாப்பிடுவதற்காக உண்டானது இது.

உங்கள் அப்பா விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கிரேக்கர்கள் இறைச்சிப் பிரியர்கள் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அவர்களுடைய வீட்டுச் சமையலில் பாதி சைவம். காரணம் விரதம். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விதிகளைக் கறாராகப் பின்பற்றினால் ஆண்டில் 180 நாளுக்கு மேல் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம், பெரும்பாலான புதன், வெள்ளி எல்லாம் இதில் சேர்த்தி. வேடிக்கை என்னவென்றால், மீன் கூடாத அந்த நாட்களில் கணவாயும் இறாலும் சிப்பியும் சாப்பிடலாம். இரத்தம் இல்லாதவை என்று கணக்கு. எங்கள் கப்பல் சமையல்காரர் பெரிய வெள்ளிக்கிழமை கணவாய் வறுத்துவிட்டு ‘இன்று விரதம்’ என்று சொன்னபோது, என் மாமியார் முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். அதனால் கடையில் ‘விரதச் சாப்பாடு’ என்ற பெயரைக் கண்டாலும் கடல் பொருள் இல்லையே என்று கேட்டுவிடுங்கள்.

சிக்கல் பட்டியலில் இல்லை, கல்லில் இருக்கிறது. பல கடைகளில் ரொட்டியை இறைச்சி வாட்டும் அதே கல்லில் வாட்டுவார்கள்; சில இடங்களில் சொட்டிய கொழுப்பில் ஒற்றியே எடுப்பார்கள், அங்கே அதுதான் ருசி. ஃப்ரைஸ் பொரிக்கும் எண்ணெயில் கோழியும் பொரிந்திருக்கலாம். ஃபேட்டா பாலாடைக்கட்டியை மரபாகக் கன்று, குட்டிகளின் இரைப்பையில் இருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைப்பார்கள். நம் நாட்டுத் தயாரிப்புகளில் பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலை இல்லை, பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம். கூட்டம் சேரும் முன் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். தனிக் கல் இல்லை என்றால் அப்பாவுக்கு வாட்டாத பதார்த்தங்களாக வாங்குங்கள். ட்ஸாட்ஸிகியில் பச்சைப் பூண்டு தூக்கலாக இருக்கும். பூண்டு விலக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு என்ன பிடிக்கும்? நான் கையைக் காட்டுவது மெலிட்ஸானோஸலாட்டா. பெயர்தான் வாயில் நுழையாது. கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் விட்டு மசித்தது. சுட்ட கத்தரிக்காய்த் துவையல் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. திராட்சை இலையில் சோறும் மூலிகையும் வைத்துச் சுருட்டிய டோல்மாதேஸ் கிடைத்தால் அதுவும் வாங்குங்கள். உள்ளே கறி இல்லாத வகைதானா என்று கேட்டுக்கொண்டு. சீஃப்னோஸ் தீவின் கொண்டைக்கடலை உருண்டைகளை எந்தச் சென்னைக் கடையிலும் நான் பார்க்கவில்லை; பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள், மசால் வடையின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. அதற்குப் பதிலாக ஃபலாஃபெல் வைத்திருப்பார்கள். ஃபலாஃபெலும் ஹம்முஸும் கிரேக்கம் அல்ல, கிழக்கு மத்தியதரைக் கடலின் அரபுக் கரையைச் சேர்ந்தவை. நன்றாகச் செய்திருந்தால் சாப்பிடுவதில் குற்றம் ஏதும் இல்லை.

‘பனீர் சூவ்லாக்கி’ என்று ஒன்று கட்டாயம் இருக்கும். கேலி செய்துகொண்டேதான் முதலில் வாங்கினேன். எலுமிச்சையிலும் ஓரிகானோவிலும் நன்றாக ஊறிய பனீர் கரியில் வாட்டப்பட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். சைப்ரஸின் ஹலூமிப் பாலாடைக்கட்டிக்கு அது மோசமான மாற்று அல்ல. இரண்டும் சூட்டில் உருகி ஓடாதவை.

சாலட் ஒன்று மூவருக்கும் பொதுவாக வாங்குங்கள். ‘ஹோரியாட்டிகி’, கிராமத்துச் சாலட். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ், மேலே ஃபேட்டா ஒரு பாளமாக. லெட்யூஸ் இலை இதில் கிடையாது. தட்டை நிரப்ப யாரோ பின்னால் சேர்த்த வேலை. ஃபேட்டா என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் புவிசார் காப்பு உண்டு: கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில், செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் செய்ததுதான் அந்தப் பெயரைத் தாங்கலாம். இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி பசும்பாலில் செய்தது; உப்பு இருக்கும், அந்த ஆட்டுவாடை கலந்த கூர்மை இருக்காது. எங்கள் பட்டறை ஆட்கள் சாலட் தீர்ந்த பிறகு அடியில் தேங்கிய தக்காளிச் சாறும் எண்ணெயும் உப்பும் கலந்த நீரில் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துத் தின்பார்கள். ‘பபாரா’ என்று அதற்குப் பெயரே உண்டு. மொத்தச் சாப்பாட்டிலும் சிறந்த பகுதி அது என்பது என் முடிவு. அப்பாவின் பீத்தாவில் கால்பங்கை இதற்காக நிறுத்தி வையுங்கள்.

இனிப்புக்கு லூகுமாதேஸ் இருந்தால் வாங்கலாம்: ஈஸ்டில் பொங்கிய மாவைக் கிள்ளி எண்ணெயில் பொரித்து, தேனும் பட்டைத்தூளும் தூவுவார்கள். சுடச்சுட வந்தால் மட்டும். காபியில் ஃப்ராப்பே என்று ஒன்று போட்டிருப்பார்கள். 1957இல் தெசலோனிகிப் பொருட்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஒரு நெஸ்கஃபே ஊழியர் உடனடிக் காபித்தூளைக் குளிர்ந்த நீரோடு குலுக்கியதில் பிறந்தது. கப்பல் தளத்தின் வெயிலில் அமிர்தம். டிகிரி காபி குடிக்கும் அப்பாவிடம் நீட்டினால் உங்களைத்தான் பார்ப்பார்.

விலைக்கு வருகிறேன். ஏதென்ஸில் இன்று ஒரு பீத்தா யீரோ 4, 5 யூரோ. நம் பணத்தில் 400 ரூபாயைத் தாண்டும். அந்தக் கணக்கில் உங்கள் கடை கொள்ளையடிக்கவில்லை. ஆனால் அங்கே அதுதான் கையில் காசில்லாதவனின் சாப்பாடு. மாணவனும் கூலிக்காரனும் நின்றுகொண்டே தின்பது. இங்கே அது நீல வெள்ளைச் சுவருக்குள் விசேஷச் சாப்பாடாகிவிட்டது. வடித்த தயிருக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் கல்லடியில் ஒருவர் ரொட்டி வாட்டுவதற்கும் 320 ரூபாய் கொடுக்கலாம். குப்பூஸுக்கும் மயோனைஸுக்கும் அதே 320 கொடுப்பதைவிடத் தெருமுனை ஷவர்மாக்காரர் நேர்மையானவர்.

ஆறு மணிக்குப் போனால் மேசை கிடைக்கும், கம்பி சூடேறியிருக்காது; முன்பே சீவித் தட்டில் கிடந்ததைக் கல்லில் புரட்டித் தருவார்கள். ஏழரைக்குப் போங்கள். கூட்டம் இருந்தால் கூம்பு நிற்காமல் சீவப்படும், ஓரம் மொறுமொறுப்பாக வரும். வீட்டுக்குப் பார்சல் மட்டும் வேண்டாம். ஒரு மழைநாளில் நான் ஆள் மூலம் வரவழைத்தேன். கடை நல்ல கடை, குறை அவர்கள் மேல் இல்லை. அலுமினியத் தாளுக்குள் 40 நிமிடம் வியர்த்து, ரொட்டி ஊறி, ஃப்ரைஸ் வாடி, தயிர் சூடாகி, தக்காளி நீர் டப்பாவின் மூலையில் நின்றது. வீட்டில் யாருக்காவது கட்டாயம் எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் பீத்தா, கறி, ட்ஸாட்ஸிகி மூன்றையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் தோசைக்கல்லைக் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெயில் கறியை நன்றாகச் சூடேறும்வரை புரட்டி, ரொட்டியையும் வாட்டி, அங்கேயே சுற்றிக்கொள்ளலாம்.